“யாருக்கான மேசை இது?”: ஒரு சீன அமெரிக்கத் திருமணத்தை அலங்கரித்த அனுபவம்

கடந்த அக்டோபர் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு திருமணத்துக்கு, அழைப்பிதழ் முதல் மேடை வரை அலங்காரப் பொறுப்பு முழுவதையும் நான் ஏற்றிருந்தேன். மணப்பெண் என்னுடன் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அந்நகரிலேயே மூன்று தலைமுறையாக வாழும், காண்டனீஸ் என்னும் தென்சீன மொழி பேசும் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மணமகன் பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகில் வளர்ந்தவர். அதே வட்டாரத்திலுள்ள ஃப்ரீமாண்ட் நகரில் ஏழு ஆண்டுகளாக வளைகாப்புக்கும் காதணி விழாவுக்கும் நாட்டிய அரங்கேற்றத்துக்கும் ஒரு தோழியுடன் சேர்ந்து மேடை அமைத்து வந்த எனக்கு, நம் வட்டத்துக்கு வெளியே கிடைத்த முதல் பெரிய பொறுப்பு அது. ஒப்புக்கொண்ட இரண்டாவது வாரத்திலேயே தோழி, தன் தாயாரைக் கவனித்துக்கொள்வதற்காக மதுரைக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. தனியாகச் செய்து முடித்துவிடலாம் என்று நம்பினேன். ஐந்து மாத உழைப்புக்குப் பேசிய கூலி 2,800 டாலர். அதில் 2,622 டாலர் என் தவறுகளைச் சரிசெய்வதற்கே போயிற்று. பணம் போனதைவிட, இரண்டு மூத்த பெண்களின் மனம் என்னால் நொந்தது என்பதே இன்றும் என்னை உறுத்துகிறது. இத்தகைய திருமணத்தை வடிவமைக்கப் போகிறவர்களுக்கும், இத்தகைய திருமணத்தைச் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் மணமக்கள் இருவர் மட்டுமே வந்திருந்தார்கள். “இரண்டு மரபும் கலந்திருக்க வேண்டும், ஆனால் பார்க்க நவீனமாக இருக்க வேண்டும்” என்பதுதான் அவர்கள் கேட்டது. நானும் அதை நிறங்களாகவே புரிந்துகொண்டேன். அமெரிக்கத் திருமணத்துக்கு வெள்ளை, சீனத் திருமணத்துக்குச் சிவப்பு, இரண்டையும் இணைக்கப் பொன்னிறம் என்று அன்றிரவே ஒரு வடிவமைப்புப் பலகை தயாரித்து அனுப்பினேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவர்களுடைய சம்மதமே இரு குடும்பங்களின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒவ்வொரு இழப்புக்கும் இதுவே வேராக இருந்தது. மணமக்கள் இருவரும் முப்பது வயதை ஒட்டியவர்கள். அவர்களுடைய மரபு அவர்களிடம் இருந்ததைவிட அவர்களுடைய பாட்டியிடமும் அம்மாக்களிடமும்தான் அதிகமாக இருந்தது. அந்தப் பெரியவர்களில் ஒருவரையாவது சந்திக்காமல் நான் ஒரு டாலர்கூடச் செலவழித்திருக்கக் கூடாது.

முதல் அடி அழைப்பிதழில் விழுந்தது. திருமண நாளைப் பெண்வீட்டார் ‘துங் ஷிங்’ என்னும் சீனப் பஞ்சாங்கம் பார்த்து முன்பே குறித்திருந்தார்கள். நமக்கு ஆடி மாதம் போல அவர்களுக்குச் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம். ஆவிகள் உலவும் மாதம் என்று அதில் திருமணம் வைப்பதில்லை. அது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். ஆகஸ்ட் இறுதியில் குறைந்த வாடகைக்கு மண்டபம் கிடைத்தும் பெண்ணின் அம்மா மறுத்துவிட்ட செய்தி எனக்குத் தெரியும். நாளுக்கு இவ்வளவு பார்ப்பவர்கள் நேரத்துக்கும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். புகைப்படத்துக்கு மாலை வெயில் நன்றாக இருக்கும் என்று 4 மணியை நானே முன்மொழிந்தேன். மணமக்களும் சரி என்றார்கள். 110 அழைப்பிதழ்கள் அச்சாகி வந்த பிறகு பெண்ணின் அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். காண்டனீஸ் மொழியில் நான்கு என்னும் எண்ணின் ஒலியும் மரணம் என்னும் சொல்லின் ஒலியும் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேல், மணி அடித்தவுடன் பெரிய முள் கீழ்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. நற்காரியத்தை அரை மணியில் தொடங்கினால் முள் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. தம் மாமியார் 3.30 என்றால்தான் ஒப்புக்கொள்வார் என்று மிகுந்த தயக்கத்துடன் சொன்னார். இராகு காலம் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நேரத்தை முன்மொழிந்தவள் நான் என்பதால் மறு அச்சுக்கான 640 டாலரை நானே ஏற்றேன். அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பும் முன் இரு வீட்டு மூத்தவர்களிடமும் நாள், நேரம், பெயர்களின் வரிசை ஆகிய மூன்றையும் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது சம்பவத்தை எழுதுவதற்கு இன்னும் தயக்கமாகவே இருக்கிறது. ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்வீட்டார் வசிக்கும் சன்செட் பகுதி வீட்டுக்கு மாதிரி மேசை ஒன்றை அமைத்துக்காட்டச் சென்றேன். தரை தொடும் வெள்ளை விரிப்பு, நடுவில் உள்ளங்கை அகல வெள்ளைச் செவ்வந்திகளும் வெள்ளை ரோஜாக்களும், இருபுறமும் உயரமான வெள்ளை மெழுகுவத்திகள், கைத்துணிகளைச் சுற்றிச் சிவப்பு நாடா. பெண்ணின் தந்தைவழிப் பாட்டி உள்ளறையிலிருந்து மெதுவாக வந்து மேசையருகில் நின்றார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு செவ்வந்தியை மட்டும் குவளையிலிருந்து உருவி, காம்பிலிருந்து நீர் சொட்டச் சொட்டச் சமையலறைக்கு எடுத்துச் சென்று அங்கே வைத்துவிட்டு வந்தார். மகனிடம் ஏதோ கேட்டார். அவர் என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்: “யாருக்கான மேசை இது என்று அம்மா கேட்கிறார்.” வெள்ளைச் செவ்வந்தியும் வெள்ளை மெழுகுவத்தியும் அவர்கள் வீடுகளில் இறுதிச் சடங்குக்கு உரியவை. ஆறு ஆண்டுகளுக்கு முன் தம் கணவருக்காக அந்தப் பாட்டி அமைத்த மேசையைப் போலவே நான் அவருடைய பேத்தியின் திருமண மேசையை அமைத்திருக்கிறேன். வெள்ளைப் புடவை யாருக்கு உரியது என்பதைப் பார்த்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் திருமணப் படங்களைப் பார்த்துப் பார்த்து வெள்ளைக்கு ஒரே பொருள்தான் உண்டு என்று என் கண்ணும் பழகிவிட்டிருந்தது. நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். பூ மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த முன்பணத்தில் 700 டாலர் திரும்பி வரவில்லை. மாதிரி மேசை போட்டுக் காட்டுவதற்கு முன் பூவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மாதிரி மேசையைப் பார்க்க மூத்தவர்கள் வருவதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அன்று மாலையே மணமகனின் அம்மாவிடம் காணொளி அழைப்பில் பேசினேன். உண்மையில் நான் அவரிடம் பேசியது அதுவே முதல் முறை. வெள்ளையை முழுவதும் எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டபோது அவர் முகம் வாடியது. இங்கிலாந்து அரசி விக்டோரியா 1840-இல் வெள்ளை உடையில் மணம் முடித்த பிறகு பரவிய வழக்கம்தான் வெள்ளை மண உடை என்றாலும், அவருடைய பாட்டி, அம்மா, அவர் என மூன்று தலைமுறைப் பெண்கள் வெள்ளையில் திருமணம் செய்துகொண்டவர்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுவே பழமை. சிவப்பைப் பற்றியும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. சிவப்பு ரோஜாவும் கரும்பச்சை இலையும் சேர்ந்தால் தங்கள் உறவினர் கண்ணுக்கு அது கிறிஸ்துமஸ் அலங்காரமாகத்தான் தெரியும் என்றார். அது நியாயமான கருத்து. எனக்கு அதுவரை தோன்றாத கருத்தும்கூட. வெள்ளையைப் பெண்ணின் உடைக்கும், திருமண உறுதிமொழி சொல்லும் அரை மணி நேரத்துக்கும் விட்டுவிடுவது, விருந்து மண்டபத்தில் வெண்மைக்குப் பதிலாகத் தந்த நிறம், செஞ்சிவப்புக்குப் பதிலாக ஒயின் சிவப்பு, பவழம், பீச் ஆகிய நிறங்களைப் பயன்படுத்துவது, கரும்பச்சை இலைகளைத் தவிர்ப்பது என்று முடிவாயிற்று. பியோனி மலரைத்தான் இரு குடும்பங்களும் விரும்பின. ஆனால் அதன் பருவம் வசந்தத்தோடு முடிந்துவிடும், அக்டோபரில் தேடினால் விலை எட்டாது. எனவே டேலியாவுக்குப் போனோம். சான் ஃபிரான்சிஸ்கோவின் அதிகாரபூர்வ மலர் அது. அக்டோபர் வரை உள்ளூரிலேயே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: வெளிர் நிற டேலியா சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் செவ்வந்தி போலவே இருக்கும். அதனால் அடர் ஒயின் நிறத்தையும் பவழ நிறத்தையும் மட்டுமே வாங்கினேன். வாங்கும் முன் ஒரு கொத்தைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. தீர்க்கவே முடியாது என்று நான் அஞ்சியது வேறொன்று. மணமகனின் தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். மறைந்தவர்களை நினைவுகூரத் திருமண மண்டபத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் அவர் படத்தையும் ஒரு வெள்ளை ரோஜாவையும் வைப்பது இப்போது அமெரிக்கத் திருமணங்களில் பரவலான வழக்கம். முன்வரிசையில் தம் பக்கத்தில் அந்த நாற்காலி இருக்க வேண்டும் என்று மணமகனின் அம்மா விரும்பினார். பாட்டியின் பார்வையில், மங்கல நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் இறந்தவரின் படத்தையும் வெள்ளைப் பூவையும் வைப்பது மணமக்களுக்கு ஆகாத செயல். இருவருமே உயிருக்குயிரான ஒன்றைக் காப்பாற்றத்தான் பேசினார்கள். மணப்பெண் என்னிடம் அழுதார். மணமகன் பேச்சைத் தவிர்த்தார். மூன்று வாரங்கள் நான் இரு பக்கமும் பாதிப் பாதிச் செய்தியாகக் கடத்திக்கொண்டிருந்தேன், அதுவும் தவறுதான். வடிவமைப்பாளர் தூது போகக் கூடாது. இரு வீட்டுப் பெரியவர்களையும் ஒரே அறையில் அல்லது ஒரே அழைப்பில் நேராகப் பேச வைக்க வேண்டும்.

இறுதியில் அப்படிப் பேச வைத்தபோது வழி சொன்னவர் பாட்டியேதான். திருமண நாள் காலையில் மணமக்கள் வீட்டில் முன்னோர்களை வணங்கி, அவர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டுத்தான் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் மரபு. “பிள்ளையின் அப்பாவும் இனி இந்த வீட்டுக்கு உறவுதானே, அவர் படத்தைக் காலையில் இங்கே கொண்டுவரட்டும், என் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் வைப்போம்” என்றார். மறைந்தவரை நினைப்பதற்கு அவர் எதிர்ப்பாக இருக்கவே இல்லை. அதற்கான இடமும் வேளையும் வேறு என்றுதான் முதலிலிருந்தே சொல்லியிருக்கிறார். நாங்கள் எவரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை மாதங்களும் இரண்டு மரபுகளையும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் அருகருகே வைப்பதையே கலப்பு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வேளையையும் இடத்தையும் முழுமையாகக் கொடுத்துவிட்டால் மோதல்களில் பாதி தோன்றாமலே போயிருக்கும். மண்டபத்துக்கென்று நான் ஒரு யோசனை சொன்னேன். அமெரிக்க மணப்பெண்கள் பழையது ஒன்று, புதியது ஒன்று, இரவல் வாங்கியது ஒன்று, நீல நிறத்தில் ஒன்று என நான்கைத் தம்முடன் வைத்திருப்பது வழக்கம். மணமகனின் தந்தை அணிந்த நீல நிறக் கழுத்துப்பட்டை (டை) ஒன்றை மணமகனின் அம்மா இரவலாகத் தந்தால், பூங்கொத்தின் காம்பைச் சுற்றி அதைக் கட்டிக்கொள்ளலாம். பழையது, இரவல், நீலம் மூன்றும் அதிலேயே அமைந்துவிடும். அவர் மறுநாளே அதை அஞ்சலில் அனுப்பிவைத்தார்.

அடுத்து, சிறியவை என்று நினைத்து நான் கவனிக்கத் தவறியவற்றைச் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் 180 பேர், மேசைக்குப் பத்துப் பேர், ஆக 18 மேசைகள். நான்கும் பதினான்கும் பெண்வீட்டாருக்கு ஆகாது, பதின்மூன்று மணமகன் வீட்டாருக்கு ஆகாது. அம்மூன்றையும் விட்டு 21 வரை எண்ணிட்டேன். ஓட்டல் சமையலறையோ தன் வரைபடத்தில் 1 முதல் 18 வரை என்றே வைத்திருந்தது. யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்ற பட்டியல் முழுவதும் மேசை எண்ணை வைத்தே இயங்குகிறது என்பதை முந்தைய நாள் தற்செயலாகக் கண்டுபிடித்துத் திருத்தினோம். அதைவிட அச்சமூட்டியது வேர்க்கடலை. சீன இலந்தை, வேர்க்கடலை, லோங்கான் பழம், தாமரை விதை ஆகிய நான்கின் சீனப் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் அசையை எடுத்துச் சேர்த்து உச்சரித்தால் ‘விரைவில் மக்கட்பேறு வாய்க்கட்டும்’ என்னும் வாழ்த்தின் ஒலி வரும். அதனால் அந்த நான்கையும் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் இட்டு ஒவ்வொரு மேசையிலும் வைக்கத் திட்டமிட்டிருந்தேன். மணமகனின் அக்காள் மகளுக்கு வேர்க்கடலை கடுமையான ஒவ்வாமை என்பது திருமணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் தெரிந்தது. கிண்ணங்களை மேசைகளிலிருந்து எடுத்துவிட்டு, மணமக்கள் மூத்தவர்களுக்குத் தேநீர் வழங்கும் சடங்கு நடக்கும் அறையில் மட்டும் மூடிபோட்ட ஒரே ஜாடியாக வைத்தோம். உண்ணும் பொருளை அலங்காரத்துக்குப் பயன்படுத்தினால், அழைப்பிதழின் பதில் அட்டையிலேயே ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

விரிப்புகளில் 432 டாலர் போயிற்று. எட்டுப் பேர் வசதியாக அமரும் 60 அங்குல வட்ட மேசைக்குத் தரை தொடும் விரிப்பு 120 அங்குலம். நான் எப்போதும் வாடகைக்கு எடுப்பது அதுதான். நடுவில் சுழல்தட்டு வைத்துப் பத்துப் பேர் உண்ணும் சீன விருந்துக்கு ஓட்டல் 72 அங்குல மேசைகளைப் போட்டது. மேசை உயரம் 30 அங்குலம் என்றால் அதற்கு 132 அங்குல விரிப்பு வேண்டும். நான் கொண்டுபோனவை சுற்றிலும் தரைக்கு ஆறு அங்குலம் மேலேயே நின்றுவிட்டன. மேசைகளின் இரும்புக் கால்கள் வெளியே தெரிந்தன. முந்தைய நாள் மாலையில் மேசைக்கு 24 டாலர் கொடுத்து வேறு விரிப்புகள் எடுத்தேன். துணியை அந்த மண்டபத்தின் விளக்கொளியிலேயே வைத்துப் பார்ப்பதும் முக்கியம்: மஞ்சள் விளக்கில் ஒயின் சிவப்பு பழுப்பாகத் தெரிகிறது, நீல விளக்கில் ஊதாவாக மாறிவிடுகிறது. தேநீர்ச் சடங்கின்போது மணப்பெண் அணிந்த ‘குன் குவா’ என்னும் உடை, பொன் வெள்ளிச் சரிகையில் டிராகனும் பீனிக்ஸ் பறவையும் பூவேலையாகத் தைத்த ஆழ்ந்த சிவப்பு. பின்திரையும் சிவப்பாக இருந்தால் படத்தில் பெண் திரையோடு ஒன்றிவிடுவார் என்பதை ஒத்திகைப் படத்தில் பார்த்துவிட்டு, தந்த நிறத் திரையில் ‘இரட்டை மகிழ்ச்சி’ என்னும் சீன மங்கல எழுத்தைப் பொன் நிறத்தில் மாட்டினேன். இந்த ஒன்றை மட்டும் உரிய நேரத்தில் கவனித்தேன்.

எவருடைய முயற்சியும் இல்லாமல் இரு மரபுகளும் தாமாகவே இணைந்த இடம் இனிப்பு மேசை. பிட்ஸ்பர்க் வட்டாரத்துத் திருமணங்களில் அத்தைகளும் பாட்டிகளும் தோழிகளும் ஆளுக்கொரு வகையாகப் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவந்து ஒரு நீண்ட மேசையை நிரப்புவார்கள்; கேக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த மேசை இல்லாமல் திருமணம் நிறைவதில்லை. காண்டனீஸ் குடும்பங்களிலோ, பெண்ணுக்குத் திருமணம் என்றால் தாமரை விதை விழுதும் செம்பயறு விழுதும் அடைத்த பணியாரங்களைப் பெண்வீட்டார் உற்றார் உறவினருக்கு வழங்குவார்கள். பெண்ணின் அம்மாவும் மணமகனின் அத்தைகளும் காணொளியில் பேசிக்கொண்டதே இந்த மேசையைப் பற்றித்தான். சைனாடவுன் அடுமனைப் பணியாரப் பெட்டிகளும், விமானத்தில் மடிமேல் வைத்துக் கொண்டுவரப்பட்ட பூவேலை அச்சுப் பிஸ்கட்டுகளும், கிரீம் நிரப்பிய குழல்களும் ஒரே மேசையில் பரப்பப்பட்டன. நான் செய்ததெல்லாம் உயரம் உயரமாகத் தட்டுகளை அடுக்கியதும், வெளி உணவுக்கு ஓட்டலிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியதும், வேர்க்கடலை சேர்ந்தவற்றைத் தனி மேசைக்கு மாற்றியதும்தான்.

திருமண நாளன்று எல்லாவற்றையும் தாமதப்படுத்தியது தேநீர்ச் சடங்கு. மணமக்கள் மண்டியிட்டு மூத்தவர்களுக்கு வயது முறைப்படி தேநீர் வழங்குவார்கள். அருந்திய மூத்தவர்கள் வாழ்த்தி, சிவப்பு உறையில் பணமோ பொன்நகையோ கொடுப்பார்கள். முதலில் மணமகன் வீட்டார், பிறகு பெண்வீட்டார். ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டு 40 நிமிடம் ஒதுக்கியிருந்தேன். மூத்தவர்கள் தம்பதியாகவும் தனியாகவும் 22 முறை வந்து அமர்ந்தார்கள். அமர்வது, அழைப்பது, அருந்துவது, வளையலைக் கையில் பூட்டுவது, படம் எடுப்பது எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறைக்கும் நான்கு நிமிடம். முடியும்போது 88 நிமிடம் ஆகியிருந்தது. உறவுமுறைச் சொல்லால் அழைத்துத்தான் தேநீர் கொடுக்க வேண்டும். அப்பாவின் அண்ணன் ‘பாக் ஃபூ’, தம்பி ‘சுக் சுக்’, அம்மாவின் உடன்பிறந்தான் ‘காவ் ஃபூ’. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று நாம் பிரிப்பதைப் போலவே அவர்களும் பிரிக்கிறார்கள். எல்லோரையும் ‘அங்கிள்’ என்றே அழைத்துப் பழகிய மணமகனுக்கு அது கடினமாக இருந்தது. பெண்ணின் அம்மா எழுதிக்கொடுத்த சொற்களைத் தேநீர்த் தட்டின் ஓரத்தில் சிறு அட்டையாக வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் அதைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சரியாக அழைத்தார். அழைக்கப்பட்டவர்களின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தொண்ணூறு வயதைக் கடந்த சின்னத் தாத்தா ஒருவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசினார். அவர் பள்ளியில் படித்த காலத்தில் வெள்ளையரும் சீனரும் மணந்துகொள்ளக் கலிஃபோர்னியாவில் சட்டம் இடம் தரவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் அத்தடையை நீக்கியது. “என் அண்ணன் பேத்தியின் கையால் இந்தத் தேநீரைக் குடிப்பதற்காகத்தான் இருந்தேன்” என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் வெளியே விருந்தினர் பசியோடு காத்திருந்தார்கள். மணமகனின் அத்தைகள் இனிப்பு மேசையை முன்கூட்டியே திறந்துவிட்டதால் நிலைமை காப்பாற்றப்பட்டது. விருந்து ஒரு மணி நேரம் நீண்டது. கூடுதல் நேரத்துக்கு ஓட்டல் கேட்ட 850 டாலரை, நேர அட்டவணை போட்டவள் என்ற முறையில் நான் கொடுத்தேன். மண்டபத்தை முடிவு செய்வதற்கு முன்பே தேநீர் அருந்தப் போகிறவர்களின் பட்டியலை வாங்கி, தம்பதிக்கோ தனியாக அமர்பவருக்கோ முறைக்கு நான்கு நிமிடம் போட்டு, உடை மாற்ற இருபத்தைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மணமகன் வீட்டார் முதலில் அமர்ந்ததால் உறை கொடுக்கும் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மணமக்கள் கொடுத்திருந்த பரிசுப் பட்டியலைப் பார்த்துப் பல வாரங்களுக்கு முன்பே பொருள்களை அனுப்பிவிட்டவர்கள் அவர்கள்; பெண்வீட்டார் வளையல் பூட்டுவதைப் பார்த்ததும் ஓர் அத்தை கைப்பையைத் திறந்து பணம் தேடினார். அவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்தியது நான்தான். முந்தைய நாள் ஒரு சிறு குறிப்பும் சில சிவப்பு உறைகளும் கொடுத்திருந்தால் போதும். நாம் மொய்க்கு 101 வைப்போம். அவர்களுக்கு இரட்டைப்படை எண்தான் மங்கலம், அதிலும் எட்டு சிறப்பு, நான்கு கூடாது என்பதையும் அந்தக் குறிப்பில் எழுத வேண்டும்.

காலையில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முன்னோர் மேடையில் இரண்டு படங்கள், முன்னால் ஆரஞ்சுப் பழங்கள், மூன்று கிண்ணங்களில் தேநீர். மணமகனின் அம்மா தேவாலயத்துக்குத் தவறாமல் செல்பவர். ஊதுவத்தி ஏந்தி வணங்குவது அவருக்குச் சம்மதமா என்று இந்த முறை நான் முன்கூட்டியே கேட்டிருந்தேன். தலை மட்டும் குனிந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். பாட்டியிடம் அதைத் தெரிவித்தபோது, அதுவே போதும் என்றார். இருவரும் அருகருகே நின்றார்கள், ஒருவர் கையில் மூன்று ஊதுவத்திகள், மற்றவர் கையில் ஒன்றுமில்லை. பாட்டி இரண்டு படங்களுக்கும் முன்னால் பழத்தை ஒரே அளவாக நகர்த்தி வைத்தார்.

மணப்பெண் பூங்கொத்தைத் தோழிகளை நோக்கி வீசும் வழக்கத்துக்காகச் சிறிய கொத்து ஒன்றைத் தனியாகக் கட்டியிருந்தேன். பெரிய கொத்தில் அந்த நீலப் பட்டை இருந்ததே காரணம். காம்பின் ஈரம் ஏறாமல் முதலில் மெழுகு நாடா சுற்றி, அதன் மேல் பட்டையைச் சுற்றி, பசையோ தையலோ இல்லாமல் மூன்று குண்டூசிகளால் மட்டும் நிறுத்தியிருந்தேன். இரவு விருந்தினர் கலைந்த பிறகு மணப்பெண் ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பட்டையில் ஒரு சொட்டு நீர்க்கறைகூட இல்லை. அதை நீளமாக நீவி, இரண்டாக மடித்து, இரவல் தந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.